மரியாதை விதியில் விட்டுப்போன வரி

ஜூன் 2, திங்கள்

ரெஜினா மேடம் சொல்லிவிட்டார்: "எடிட்டரா இருக்கறவர் அப்பப்போ நாலு வரி எழுதி வைக்கணும் தாமோதரன். நாளைக்கு எவனாவது வந்து இந்த விதியை ஏன் இப்படி எழுதினீங்கன்னு சட்டையைப் பிடிச்சா, நமக்கே ஞாபகம் இருக்காது." அவர் குழுவின் தலைவர். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. எழுதுகிறேன்.

சட்டையைப் பிடிக்க வருகிறவருக்கு ஒரு சிறு விளக்கம். ஒரே கோப்பைப் பல ஊர்களிலிருந்து பல கணினிகள் திறக்கும். கோப்பு இருப்பது எங்கோ ஒரு சர்வரில். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் சாம்பாரும் பாயசமும் ஒரே பாத்திரத்தில் ஊற்றியது போல ஆகிவிடும். ஆகவே எழுத வருகிறவர் முதலில் அந்தக் கோப்பின் பூட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியவர் தொண்ணூறு விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பூட்டு பறிபோகும். இப்படி யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் புத்தகத்துக்கு ஸ்பெக் என்று பெயர். அதில் சொல்லாமல் விட்ட இடங்கள் ஏராளம். பாதி எழுதும்போது கரண்ட் போனால்? இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால்? திறந்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழித்தால்? இவற்றை நாங்கள் "ஆனா என்ன" கேள்விகள் என்போம். பன்னிரண்டு கம்பெனிகள் சேர்ந்த எங்கள் குழுவின் வேலை, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதி, இந்த மாதம் இருபத்தேழாம் தேதி ஓட்டெடுப்பில் நிறைவேற்றுவது. கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் எடிட்டருக்கு மட்டும் மெயில் அனுப்ப வேண்டும். முன்பு எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பி, இரண்டு பேர் அடிதடி வரை போய்விட்டார்கள்.

சர்வர் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். நடுநிலை தவறாதவன் என்று பெயர் இருந்ததால் எடிட்டர் ஆக்கினார்கள். குழுவின் இன்னொரு உறுப்பினர் கோமதி. பூட்டைக் கேட்கிற பக்கத்து மென்பொருளை எழுதும் ஆறு பேர் கம்பெனியின் சார்பில் வருகிறார். கேள்வி கேட்டால் விடமாட்டார். என் மனைவி.

அதனால்தான் நான் இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். ஒன்று, ஸ்பெக் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது கோமதிக்குத் தெரியும், ஒப்புக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது, அவள் மெயில்கள் மற்றவர்கள் மெயிலோடு வராமல் தனி ஃபோல்டருக்குப் போய்விடும். சனிக்கிழமைகளில், எல்லோருடையதையும் படித்து முடித்த பிறகுதான் அதைத் திறப்பேன். இது அவளுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் 4, புதன்

போன் கூட்டம். நான் ஹாலில், அவள் படுக்கையறையில். அவள் குரல் முதலில் கதவு வழியாக வந்தது, கொஞ்சம் கழித்துப் போன் வழியாக வந்தது. ஒன்பது மாதமாகக் கேட்கும் அதே விஷயத்துக்காக, இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டியது.

"எடிட்டர் சார், எங்க மென்பொருள் எங்க ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியும். மலைக் கிராமங்களுக்குப் போற ஸ்கேன் வண்டி. வண்டி கொண்டை ஊசி வளைவுல திரும்புது, சிக்னல் போயிருது. தொண்ணூறு விநாடிக்குள்ள 'நான் இருக்கேன்'னு சொல்ல முடியல. உடனே பூட்டைப் பிடுங்கிருதீங்க. எடுத்த ஸ்கேன் பாதியிலயே வீணாப் போகுது. அந்த நேரத்துல வேற யாராவது அந்தக் கோப்பைக் கேட்டாங்களா? ஒருத்தரும் கேக்கல. யாரும் கேக்காத பூட்டை எதுக்கு சார் பிடுங்கணும்?"

"நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான் மேடம். விதி அப்படித்தான்."

"யாராவது கேக்கற வரைக்கும் வெச்சிருந்தா உங்க சர்வருக்குக் கையா வலிக்கும்?"

என்னோடு வேலை பார்க்கும் இஸ்மாயில் போனை மியூட் செய்யாமலே சிரித்தான். பெங்களூரில் பெரிய சர்வர் கம்பெனி ஒன்றிலிருந்து வரும் பிரகலாத், "எங்களுக்குக் கூடுதல் வேலை வராத வரைக்கும் ஆட்சேபம் இல்ல. வந்தா ஆட்சேபம் உண்டு," என்றார். எப்போதும் தெளிவான மனிதர். ரெஜினா மேடம் இதற்கு மரியாதை விதி என்று பெயர் வைத்தார். பதில் சொல்லாமல் போனவருக்கும் கொஞ்சம் மரியாதை காட்டுவது.

கூட்டம் முடிந்து கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "புளிக்குழம்பு வைக்கட்டுமா, நேத்து ரசமே போதுமா?" என்று கேட்டாள். ரசம் போதும் என்றேன். வீட்டு விதியை இருவரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 7, சனி

கோமதியின் மெயிலைப் படித்தேன். "மதிப்பிற்குரிய எடிட்டர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து மூன்று பக்கம். மரியாதை விதி ஏன் வேண்டும் என்பதற்கு ஏழு காரணங்கள். ஆறாவது காரணம் நன்றாகவே இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதே சந்தேகத்துக்குரியது அல்லவா? "தங்கள் கருத்து பெறப்பட்டது. உரிய முறையில் பரிசீலிக்கப்படும். தங்கள் உண்மையுள்ள" என்று பதில் அனுப்பினேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளின் போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பீன்ஸைப் பார்த்து, "பரிசீலிங்க, நல்லாப் பரிசீலிங்க," என்றாள்.

ஜூன் 9, திங்கள்

பெண்டாட்டிக்கு "தங்கள் உண்மையுள்ள" என்று எழுதியதை இஸ்மாயில் எப்படியோ பார்த்துவிட்டான். காலையிலிருந்து என்னை அப்படியேதான் கூப்பிடுகிறான்.

ஜூன் 12, வியாழன்

கோமதி கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேளச்சேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவள் ஆபீஸ். நான் அங்கே போனது இதுவே முதல் தடவை. நடுநிலையைக் கருதி இதுவரை போகவில்லை.

ஒரே ஒரு அறை. ஒரு நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார்கள். ஸ்கேன் வண்டியிலிருந்து செல்வராணி என்கிற பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க சிக்னல் விட்டு விட்டு வருது, பூட்டை மறுபடியும் பிடுங்கிருச்சு. மூணாவது தடவை. இந்தப் பொண்ணுக்கு எட்டு மாசம்க்கா, எத்தன தடவை படுத்து எந்திரிப்பா? வீட்டுக்குப் போறேங்கிறா."

"போனை அவகிட்ட குடும்மா," என்றாள் கோமதி. பிறகு அந்த முகம் தெரியாத பெண்ணிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். என்ன சாப்பிட்டாய், எந்த ஊர், அம்மா கூட வந்திருக்கிறார்களா என்று. ஸ்பெக்கைப் பற்றி என்னிடம் சண்டை போடுகிற குரல் அது இல்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை படுக்கச் சம்மதித்தாள்.

அந்த ஐவரில் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், அந்த விதி வந்துருமா சார்? வரலேன்னா ஆகஸ்டோட வண்டிக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. எங்களுக்கு இருக்கறது அந்த ஒரு வாடிக்கைதான்."

"முருகேசா, சார்கிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது," என்றாள் கோமதி, என்னைப் பார்க்காமல்.

நான் எதையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது ஏனோ இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

ஜூன் 14, சனி

மரியாதை விதியை ஸ்பெக்கில் சேர்த்துவிட்டேன். "பூட்டு வாங்கியவர் பதில் சொல்லாமல் போனாலும், வேறொருவர் கேட்கும் வரை சர்வர் அதைப் பறிக்கக் கூடாது." நல்ல வாக்கியம். முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்களுக்காகச் சேர்த்தது. காரணங்களை வரிசையாக எழுதலாம் என்று பார்த்தேன், தூக்கம் வருகிறது.

ஜூன் 16, திங்கள்

திருத்திய ஸ்பெக்கை இன்று எல்லோருக்கும் அனுப்பினேன். சாயங்காலம் கோமதி அதைத் திறந்ததைப் பார்த்தேன். பார்க்காதவன் போல முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்பையெல்லாம் பாத்திரத்திலும் கீரையையெல்லாம் குப்பையிலும் போட்டது பிறகுதான் தெரிந்தது.

மரியாதை விதி இருந்த பக்கத்துக்கு அவள் வந்தாள். படித்தாள். மேலே போய் மறுபடியும் படித்தாள். மடிக்கணினியை மூடினாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது. அவள் அப்படித்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்பது மாதம் போராடிய விதி வந்திருக்கிறது. வேறு வீடாக இருந்தால் இந்நேரம் பாயசம் வைத்திருப்பார்கள். வீட்டு விதிப்படி வாயால் நன்றி சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாயசத்துக்கு எந்தத் தடையும் இல்லையே! ராத்திரி உப்புமா.

ஜூன் 19, வியாழன்

உப்புமா.

ஜூன் 20, வெள்ளி

கருத்து அனுப்பக் கடைசி நாள். பிரகலாத்திடமிருந்து ஒரு வரி: "மரியாதை விதி இப்படியே இருந்தால் எங்களுக்குச் சம்மதம்." அவரே சம்மதித்துவிட்டார்! நாம் எழுதிய வாக்கியம் அப்படி.

கோமதி என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நன்றி என்றேன். "பரவால்ல," என்றாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் என்னிடம் பரவாயில்லை என்று சொன்னதே கிடையாது. "நான் என்ன உனக்கு இஸ்திரிக்காரியா?" என்றுதான் சொல்வாள்.

ஜூன் 21, சனி

மற்றவர்களின் மெயில்களை முடித்தேன். பிறகு அந்த ஃபோல்டர். படிக்காத மெயில் இருக்கிறது என்று தடித்த எழுத்தில் காட்டியது. நன்றிக் கடிதமாக இருக்கும். அல்லது விதியில் அங்கே ஒரு சொல்லை மாற்று, இங்கே ஒரு சொல்லைச் சேர் என்று ஏதாவது இருக்கும்.

நன்றாக யோசித்தேன். அவள் கேட்ட விதியை ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது. இனிமேலும் அவள் சொல்லிச் சொல்லி நான் மாற்றினால் ஊர் என்ன பேசும்? ஓட்டெடுப்பு முடியும் வரை அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கஷ்டமான முடிவுதான். எடிட்டர் என்றால் சில கஷ்டங்கள் உண்டு.

ஜூன் 23, திங்கள்

காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோமதி திடீரென்று கேட்டாள்.

"எடிட்டர் சார், வந்த மெயில் எல்லாம் படிச்சாச்சா?"

இது வீட்டு விதியை மீறுவதா இல்லையா என்று ஒரு கணம் யோசித்தேன். பொதுவான கேள்விதானே, பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

"படிக்க வேண்டியதை எல்லாம் படிச்சாச்சு," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி," என்றாள். குழம்பை ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

ஆபீஸில் இஸ்மாயிலிடம் சொன்னேன். ஒரு வாரமாக வீட்டில் ஒரு மாதிரியாக இருக்கிறாள், விதி வந்தும் முகத்தில் சிரிப்பில்லை என்று.

"தல, நீ ஏதோ பண்ணிருக்க. என்னான்னு உனக்கே தெரியல. எங்க வீட்லயும் இதே கதைதான். போய் காலைப் புடிச்சிடு."

"எதுக்குடா?"

"எதுக்குன்னு அவங்களே சொல்வாங்க, மொதல்ல புடி."

நடுநிலையான ஒருவன் காரணம் தெரியாமல் காலைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

காலையில் காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. கண்ணாடி நம்பர் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

"தாமு, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அந்த மரியாதை விதியில…"

நான் கையை உயர்த்தித் தடுத்துவிட்டேன். "கோமதி. வீட்டுல பேசக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்? இன்னும் ரெண்டே நாள்."

"அப்ப நீ பேசவே மாட்ட."

"மாட்டேன்."

"நல்லது." எழுந்து போய்விட்டாள். என் காபியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது தெரியாமல் செய்தது என்றே நினைக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஓட்டெடுப்பு முடிந்தது. இன்றைக்கு எழுத முடியாது.

ஜூன் 28, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கிண்டியில் ஒரு அரங்கம். பன்னிரண்டு கம்பெனிகளும் வந்திருந்தன. என் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு விதியாகக் காட்டி, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மரியாதை விதி வந்தது. பிரகலாத் தலையசைத்தார். கேட்க வேண்டுமே என்று ஒப்புக்குத்தான் கேட்டேன், "ஆட்சேபம் உண்டா?"

கோமதி எழுந்து நின்றாள். "நான் இதை எதிர்க்கேன்."

என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். "மேடம், இது நீங்க கேட்ட விதி," என்றேன்.

"ஆமா. நான் கேட்டதுதான். இப்படியே போனா ஆபத்து. அதைச் சொல்லி உங்களுக்கு மெயில் போட்டேன். நீங்க படிச்சிட்டும் இப்படியே வெச்சிருக்கீங்க. அதனால எதிர்க்கேன்."

ரெஜினா மேடம் என் பக்கம் திரும்பினார். "எந்த மெயில் தாமோதரன்? எனக்கு நீங்க தொகுத்து அனுப்பினதுல இல்லையே. எடுங்க, பாப்போம்."

திரை இணைந்திருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. மெயிலைத் திறந்தேன். அத்தனை பேர் பார்க்க, பெரிய திரையில், இடப்பக்கம் வரிசையாக ஃபோல்டர்கள். எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் 'வீடு'. அதை நான் அழுத்தினேன். கோமதியின் மெயில்கள் மட்டும் இறங்கி வந்தன. மேலே இருந்தது படிக்காதது. பதினைந்தாம் தேதி வந்தது.

முதலில் சிரித்தது இஸ்மாயில்தான். பிறகு அரங்கமே சிரித்தது. கோமதி சிரிக்கவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ படிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். கூட்டத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாய்விட்டுப் படிங்க," என்றார் ரெஜினா மேடம்.

படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான். மலை வளைவில் வண்டிக்குச் சிக்னல் போகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதே கோப்பைக் கேட்கிறார். மரியாதை விதிப்படி, ஒருவர் கேட்டுவிட்டதால் சர்வர் வண்டியின் பூட்டை டாக்டருக்குக் கொடுக்கிறது. டாக்டர் தன் முடிவை எழுதி மூடிவிட்டுப் போகிறார். அப்போது பார்த்துச் சர்வரில் கரண்ட் போய் வருகிறது. சர்வருக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் யார் யார் என்று கேட்கிறது. அந்த நேரம் வண்டிக்குச் சிக்னல் வருகிறது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. "நான்தான் வைத்திருந்தேன்," என்கிறது. சர்வர் நம்பிக் கொடுத்துவிடுகிறது. வண்டி தன்னிடமிருக்கும் பழையதை டாக்டர் எழுதியதன் மேல் எழுதுகிறது. டாக்டர் எழுதியது போயே போய்விடும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

பழைய முறையில் இந்தத் தொல்லை கிடையாது. தொண்ணூறு விநாடி முடிந்து பூட்டைப் பறிக்கும்போதே, கரண்ட் போனாலும் மறக்காமல் இருக்க, யாரிடமிருந்து பறித்தது என்று சர்வர் டிஸ்கில் எழுதி வைத்துவிடும். மரியாதை விதியில் அந்த நேரத்தில் பறிப்பதே இல்லை, ஆகவே எழுதுவதும் இல்லை. இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும் என்று கோமதி எழுதியிருந்தாள்: "ஒருவருடைய பூட்டை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன், அதைச் சர்வர் டிஸ்கில் எழுதி வைக்க வேண்டும்." கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "இந்த வரி இல்லாமல் என் விதியைச் சேர்க்க வேண்டாம். இதனால் எங்கள் கம்பெனிக்கு என்ன ஆனாலும் சரி. நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன்."

பன்னிரண்டு நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டுதான் எனக்கு உப்புமா கிண்டிப் போட்டிருக்கிறாள்.

பிரகலாத் எழுந்தார். "எழுதி வெச்சுட்டுக் கொடுன்னா, ஒவ்வொரு தடவையும் எங்க சர்வர் டிஸ்கைத் தொடணும். வேகம் குறையும். இந்த வரி இல்லைன்னுதான் நாங்க சரின்னோம். அது இருக்கட்டும். எடிட்டர்கிட்ட ஒரு கேள்வி. அவங்க மெயிலைக் கடைசியாப் படிக்கிற அளவுக்கு நடுநிலையா இருந்தீங்க, சரி. அப்புறம் இந்த விதியை எதுக்குச் சேத்தீங்க? விதி நல்லாருக்குன்னா, இல்ல அவங்க கேட்டாங்கன்னா?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று ஒன்பது மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பதில். தொழில்நுட்பக் காரணங்கள் ஏழு.

"ரெண்டுக்கும்தான்," என்றேன். "விதி நல்ல விதி. ஆனா அன்னைக்கு நான் அவங்க ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். அதுக்கப்புறம் எனக்கு அதைச் சேர்க்காம இருக்க முடியல. இவங்க என் மனைவி. இவங்க சொல்ற வரி சரியான வரி. ரெண்டையும் குறிப்புல எழுதிக்கோங்க. இந்த விதிக்கு மட்டும் நான் எடிட்டர் இல்ல." மடிக்கணினியை ரெஜினா மேடம் பக்கம் தள்ளிவிட்டு, கீழே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜினா மேடம் அசரவில்லை. மெயில் கடைசித் தேதிக்கு முன்பே வந்திருக்கிறது, எடிட்டர் படிக்காதது எடிட்டரின் தவறு, ஆகவே அந்த வரியையும் சேர்த்தே ஓட்டுக்கு விடுகிறேன் என்றார். "எடிட்டரை அப்புறம் தனியாக் கவனிச்சுக்கறேன்," என்றும் சொன்னார்.

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பிரகலாத்தும் தூக்கினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்களை நம்பி இல்ல சார்," என்றார். "தன் விதியில இருக்கற ஓட்டையைத் தானே காட்டறவங்க சொன்னா, டிஸ்கைத் தொட்டுட்டுப் போறோம்." ஒன்பதுக்கு மூன்று. விதி நிறைவேறியது.

கோமதி முருகேசனுக்குப் போன் செய்தாள். "வந்துருச்சுப்பா," என்றாள். அந்தப் பக்கம் ஐந்து பேரும் கத்தியது எனக்கே கேட்டது.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வேளச்சேரி வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ படிச்சிட்டேன்னு நினைச்சேன். அந்த வரி வந்தா பிரகலாத் ஆளுக எதிர்ப்பாங்க, விதி விழுந்துரும்னு தெரிஞ்சு, வேணும்னே நீ விட்டுட்டேன்னு நினைச்சேன். எனக்காக."

"அதுக்கா உப்புமா?"

"சிரிக்காத தாமு. கம்பெனி போச்சுன்னா வேற வேலை தேடிக்கிடலாம். நீ அப்படிப்பட்ட ஆளுன்னு ஆயிருச்சுன்னா, நான் எங்க போய்த் தேட?"

இத்தனை நாளும் நான் அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். பாயசம் வைக்கவில்லை என்று குறைபட்டேன். வெட்கமாக இருந்தது.

"சரி, ஒண்ணு கேக்கேன்," என்றாள். "நெஜத்தைச் சொல்லு. அந்த மெயிலைப் படிச்சிருந்தா, அந்த வரியைச் சேத்திருப்பியா?"

சேர்த்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நீள மேசை ஞாபகம் வந்தது. முருகேசன் கேட்டது, அவள் என்னைப் பார்க்காமல் அவரை அதட்டியது, எல்லாம் ஞாபகம் வந்தது. வரியைச் சேர்த்தால் விதி விழுந்துவிடும் என்று தெரிந்திருந்தால்?

"தெரியல கோமதி. சத்தியமாத் தெரியல."

சிக்னலில் ஆட்டோ நின்று, மறுபடியும் கிளம்பியது.

"அப்ப நீ படிக்காததே நல்லதாப் போச்சு," என்றாள்.

சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன சார், ஓரமா நிறுத்தவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ண்ணே, நீங்க போங்க," என்றாள் கோமதி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணுமில்ல. இவருக்குத்தான் இப்ப என்ன செய்யன்னு தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.